சரக்கறிவோம்: ஜாதிக்காய் மரம்

ஜாதிக்காய், ஜாதிபத்திரி என நாம் விற்கும் இரண்டு சரக்குகளும் ஒரே பழத்திலிருந்து கிடைப்பவை. மரத்தின் இயல்பை அறிந்தவர் கொள்முதலில் எளிதில் ஏமாறமாட்டார்.

தாயகம்: இந்தோனேசியாவின் பாண்டா தீவுகள். இச்சரக்குக்காகப் போர்களே நடந்தன. 1667-இல் பிரெடா உடன்படிக்கைப்படி ஆங்கிலேயர் அங்குள்ள ரன் தீவை டச்சுக்காரருக்கு விட்டுக்கொடுத்தனர். இன்றைய நியூயார்க் பகுதி ஆங்கிலேயர் வசமானது. நம் நாட்டில் கேரளத்தில்தான் அதிகம் விளைகிறது. தமிழகத்தில் நீலகிரியின் பர்லியாரிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் உண்டு.

மரமும் காயும்: மழைக்காட்டில் வளரும் பசுமை மாறா மரம். 10 முதல் 20 மீட்டர் உயரும். மஞ்சள் நிறப் பழம் முற்றியதும் இரண்டாக வெடிக்கும். உள்ளே கொட்டையைச் சுற்றியுள்ள சிவப்பு வலையே பத்திரி. ஓட்டுக்குள் இருக்கும் பருப்பே ஜாதிக்காய். காய்ந்த காய் 20 கிலோவுக்குப் பத்திரி சுமார் 3 கிலோதான் தேறும். பத்திரி விலை கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணம். பழத்தோலில் ஊறுகாய் போடுவர்.

சாகுபடி: வெப்பமும் ஈரமும் ஓரளவு நிழலும் வேண்டும். தென்னை, பாக்குத் தோப்புகளில் ஊடுபயிராக வைக்கலாம். ஆண், பெண் மரங்கள் தனித்தனி. விதைக் கன்று பூக்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை ஆணா பெண்ணா என்று தெரியாது. எனவே பெண் மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக் கன்றே நல்லது. பத்துப் பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் போதும்.

கொள்முதலில் கவனிக்க வேண்டியவை: கேரளத்தில் முக்கிய அறுவடை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அதாவது மழைக்காலத்தில். சரியாகக் காயாத சரக்கில் பூஞ்சணம் பிடித்து அஃப்ளடாக்சின் என்னும் நச்சு உண்டாகலாம். ஓட்டோடு வாங்கினால் குலுக்கிப் பாருங்கள். காய்ந்த பருப்பு கலகலக்கும். உடைத்த காய் கனமாக இருக்க வேண்டும். நகத்தால் கீறினால் எண்ணெய்ப் பசை தெரிய வேண்டும். துளை விழுந்த காயை ஒதுக்குங்கள்.

பத்திரியில்தான் கலப்படம் அதிகம். மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் காட்டு ஜாதியின் பத்திரியை, அதாவது ராம்பத்திரி அல்லது பம்பாய்ப் பத்திரியை, இதில் கலப்பதுண்டு. அது கருஞ்சிவப்பாக, மெல்லிய நீண்ட இழைகளாக இருக்கும், மணம் குறைவு. நல்ல பத்திரி மஞ்சள் கலந்த செம்மண் நிறத்தில், அகன்ற இதழ்களாக, கசக்கினால் காரமான மணம் வீசும். ராம்பத்திரியும் விற்கத் தக்க சரக்குதான். ஆனால் அதன் பெயரிலேயே, அதன் விலையிலேயே விற்க வேண்டும்.

இரண்டையும் ஈரம் படாமல், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பொடியாக வாங்கி வைப்பதைவிட முழுதாக வாங்கி வைப்பதே நல்லது. பொடியில் மணமும் போகும், கலப்படமும் தெரியாது. அதிகம் உண்டால் தலைசுற்றலும் மயக்கமும் வரும் என்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்.

தெரியாமல் விற்றோம் என்பது சட்டத்தின் முன் எளிதில் எடுபடாது. இழந்த வாடிக்கையாளரையும் அது திரும்பக் கொண்டுவராது. சரக்கறிந்து வாங்குவோம், பெயர் சொல்லி விற்போம்.