பழைய காருக்குச் சாட்டிலைட் ரேடியோ

கேள்வி: அமெரிக்காவில் வேலை. பழைய காரில் நெடுந்தூரம் ஓட்டுகிறேன். ஊர் தாண்டினால் எஃப்.எம். இரைகிறது. அதிகச் செலவில்லாமல் சாட்டிலைட் ரேடியோ வைக்க முடியுமா?

பதில்: தாராளமாக. டேஷ்போர்டைப் பிரிக்கவே வேண்டாம். சிரியஸ் எக்ஸ்.எம். என்ற சாட்டிலைட் ரேடியோ சேவைக்கென்றே கழற்றி மாட்டும் சின்ன ரேடியோக்கள் கிடைக்கின்றன; மின்சாரத்துக்குச் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் போதும். ஒருவர் பயன்படுத்தியதை வாங்குவதானால், 0-ஆம் சேனலில் தெரியும் ரேடியோ எண்ணைச் சொல்லி, இணைப்பு தருவார்களா என்று முதலில் நிறுவனத்திடம் கேளுங்கள்.

ஆன்டெனாவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காந்தம் பொருத்திய அந்தச் சின்ன வில்லையைக் கூரையின் மேல், விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி ஒட்டுங்கள். ஒயரை டிக்கி ரப்பருக்கு அடியில் நுழைத்து, கார்பெட்டுக்குக் கீழே முன்னால் கொண்டுவாருங்கள். கதவு இடுக்கில் விட்டால் நசுங்கிவிடும். ஒலியைக் கார் ஸ்டீரியோவுக்குக் கொண்டுபோக ஆக்ஸ் கேபிளே நல்லது. எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் பெரிய நகரங்களில் வேறு நிலையங்களோடு மோதும்.

உண்மையான செலவு மாதச் சந்தாதான். அறிமுகச் சலுகை முடியும் தேதியைக் குறித்துவையுங்கள். அதற்குமுன் கூப்பிட்டு, நிறுத்தப்போகிறேன் என்றால் பெரும்பாலும் விலையைக் குறைப்பார்கள். தயங்காமல் பேரம் பேசுங்கள். நகரத்துக்குள் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு போனே போதும் என்பேன். செல்போன் டவரே இல்லாத மலை, பாலைவனச் சாலைகளில் ஓட்டுவதானால் உங்களுக்கு இது கொடுக்கிற காசுக்குத் தகும்.

இணைப்புப் பெறும்போது காரைத் திறந்தவெளியில் நிறுத்தி, ரேடியோவை ஓடவிடுங்கள். ஷெட்டுக்குள் சிக்னல் வராது.