அப்பிள் பழத்தைப் பழுதாகாமல் வைத்திருப்பது எப்படி?

புரட்டாதி பிறந்தால் ஒன்ராறியோவின் அப்பிள் தோட்டங்களுக்குப் போய், தம் கையாலேயே பறித்து, பை பையாகக் கொண்டுவருவது எம்மவர் குடும்பங்களிலும் வழக்கமாகிவிட்டது. நவராத்திரியும் அக்காலத்திலேயே வருவதால் கோயிலுக்கும் பெட்டி பெட்டியாக அப்பிள் வந்து சேர்கிறது. ஆனால் கார்த்திகை விளக்கீட்டுக்கு முன்னரே அவற்றிற் பல சுருங்கி, அழுகி, குப்பைக்குப் போகின்றன. கடையில் வைகாசி மாதத்தில் வாங்கும் ஒன்ராறியோ அப்பிளோ இன்னும் மொறுமொறுப்பாக இருக்கிறது. அதுவும் சென்ற இலையுதிர் காலத்தில் பறித்ததுதான். இந்த வித்தியாசத்தின் காரணத்தை விளங்கிக்கொண்டால் எமது வீட்டிலும் ஓரளவு பயன் பெறலாம்.

1. பறித்த பின்னும் சுவாசிக்கும் பழம்

மரத்தை விட்டுப் பிரிந்தாலும் அப்பிள் உயிருள்ள பொருளே. அது ஒட்சிசனை உள்ளெடுத்து, தன்னிலுள்ள சீனியையும் புளிப்பையும் மெல்ல மெல்லச் செலவழித்து, காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறது. கணக்காளன் மொழியிற் சொன்னால், வரவு நின்றுவிட்டது. இனிச் செலவு மட்டுமே. வெப்பநிலை 10 பாகை கூடினால் இச்செலவு ஏறக்குறைய இரண்டு அல்லது மூன்று மடங்காகும். ஆகவே குசினி மேசையில் அழகுக்காக வைத்த பழம் விரைவில் மாவாகிவிடுவதில் வியப்பில்லை.

இன்னொன்று எதிலீன் வாயு. பழுக்கும் அப்பிள் இதனை வெளிவிட, பக்கத்துப் பழங்களும் பழுக்கத் தொடங்கும். ஊரில் வாழைக்குலையைக் கிடங்கில் வைத்துப் புகை ஊதிப் பழுக்கவைத்தது நினைவிருக்கும். அந்தப் புகையில் இருந்ததும் இதே வாயுதான்.

2. களஞ்சியத்தில் நடப்பது

1920களில் இங்கிலாந்தின் கேம்பிறிஜ் நகரில் பிராங்ளின் கிட், சிறில் வெஸ்ற் என்ற இரு விஞ்ஞானிகள், பழத்தைச் சூழவுள்ள காற்றை மாற்றினால் அதன் சுவாசம் மந்தமாகும் எனக் காட்டினர். இன்று பெரிய களஞ்சியங்கள் இம்முறையையே பின்பற்றுகின்றன. காற்றில் 21 வீதமாக உள்ள ஒட்சிசனை 1 முதல் 3 வீதம் வரை குறைத்து, அறையைக் காற்றுப் புகாமல் மூடிவிடுவார்கள். அதனுள் மனிதர் நுழைந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். ஆகவே கதவில் எச்சரிக்கைப் பலகை இருக்கும். பெரும்பாலான இனங்களுக்கு 0 பாகையை அண்டிய குளிர் போதும். ஒன்ராறியோவிலே பிறந்த மக்கின்ரோஷ் அவ்வளவு குளிரைத் தாங்காது. அதற்குச் சுமார் 3 பாகை வேண்டும்.

1990களில் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில், எதிலீனின் வேலையைத் தடுக்கும் இன்னொரு வாயுவின் பயன் கண்டறியப்பட்டது. இப்போது பல களஞ்சியங்கள் அதனையும் சேர்த்துப் பாவிக்கின்றன.

3. பிள்ளைகளுக்கு ஒரு பரிசோதனை

தோட்டத்திலிருந்து வந்த அன்றே ஓர் அப்பிளைக் குறுக்காக வெட்டி, வெட்டுமுகத்தில் அயடீன் கரைசலைத் தடவுங்கள். மாப்பொருள் உள்ள இடம் கருநீலமாகும். பழுக்கும்போது மாப்பொருள் நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சீனியாக மாறும். முழுவதும் கறுத்தால் அது காய். நிறமே மாறாவிட்டால் நன்கு பழுத்தது, உடனே உண்ண வேண்டியது. நடுப்பகுதி மட்டும் வெளுத்திருந்தால் சேமிக்க ஏற்றது. தோட்டக்காரரும் இவ்வாறே பறிக்கும் நாளைத் தீர்மானிக்கின்றனர். சோதித்த பழத்தை உண்ணக்கூடாது.

4. வீட்டில் செய்ய வேண்டியவை

- காம்போடு பறியுங்கள். போட்டு அடிபட விடாதீர்கள்.
- வந்தவுடன் தரம் பிரியுங்கள். அடிபட்டது, புழு குத்தியது, காம்பில்லாதது ஆகியவற்றை முதலில் உண்ணுங்கள். கடைக் கணக்கில் முதலில் வந்தது முதலில் போகும். அப்பிளில் முதலில் கெடக்கூடியது முதலில் போகவேண்டும்.
- வைக்குமுன் கழுவ வேண்டாம், உண்ணும்போது கழுவுங்கள்.
- சிறு துளையிட்ட பிளாஸ்ரிக் பையில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் வையுங்கள். ஈரப்பதன் குறைந்தால் தோல் சுருங்கும்.
- கரட், கோவா, கீரை ஆகியவற்றோடு வைக்க வேண்டாம். எதிலீனால் கரட் கசக்கும், இலை மஞ்சளாகும்.
- கராஜில் வைப்பவர்கள் பழங்களை ஒவ்வொன்றாகப் பத்திரிகைத்தாளிற் சுற்றி வையுங்கள். உறைபனி பட்டால் பழம் கெட்டுவிடும்.
- வாரம் ஒருமுறை பார்த்து, அழுகியதை அகற்றுங்கள்.

5. எறிய வேண்டியதை எறியுங்கள்

பசியும் இடப்பெயர்வும் அறிந்த எமக்கு உணவை எறிய மனம் வராது. அழுகிய பக்கத்தை வெட்டிவிட்டு மிகுதியைச் சாறாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தாய்மாரும் உண்டு. ஆனால் அப்பிளில் வளரும் நீலப் பூஞ்சணம் பட்டுலின் என்ற நச்சுப்பொருளை உண்டாக்கும். அது நல்லதாகத் தெரியும் பகுதிக்கும் பரவியிருக்கலாம். காய்ச்சினாலும் முற்றாக அழியாது. அடிபட்டு நிறம் மாறிய பழம் வேறு, அழுகிப் பூஞ்சணம் பிடித்த பழம் வேறு. முன்னையதை வெட்டிச் சமைக்கலாம். பின்னையதை எறிவதே நன்று.

விரயத்தைத் தவிர்க்கும் இடம் குப்பைத்தொட்டி அல்ல, தோட்டம். இரண்டு மாதத்தில் வீடு உண்ணக்கூடிய அளவையே பறியுங்கள். கோயிலுக்குக் கொடுப்போரும் ஒரே நாளிற் பத்துப் பெட்டி வந்து குவியாமல், தமக்குள் பேசி முறைவைத்துக் கொண்டுவந்தால் இறைவனுக்குப் படைத்த பழம் அடியார் கையிற் பிரசாதமாகச் சேரும்.