எடைக்குப் போடும் முன்னே...



போன கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னார்: "மாமியாரோட பித்தளைப் படியை எடைக்குப் போட்டுட்டேன். மர அஞ்சறைப்பெட்டியைச் சும்மாவே கொடுத்துட்டேன்."

சென்னை அருகே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்ற அருங்காட்சியகம் இருக்கு. 1996-ல் திறந்தாங்க. பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அப்படியே கட்டி, புழங்கிய சாமான்களோடு வைத்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கித்தான் பார்க்கணும்! செட்டிநாட்டு வீடு மட்டும் இல்லை. நெசவாளர், குயவர், விவசாயி வீடுகளும் உண்டு. நம்ம வீடு மாதிரிதான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமானுக்கு ஒவ்வொன்றாக விலை பேசுகிறார்கள், எடைக்கு அல்ல. அதனால் அவசரப்பட்டு விற்காதீங்க. விற்பது உங்கள் விருப்பம், கஷ்டம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் நாலு இடத்தில் விலை கேளுங்க.

வைத்துக்கொள்வதானால், மரச்சாமானைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீங்க, பெயிண்ட் அடிக்காதீங்க. உலர்ந்த துணியால் துடைத்து, கரையான் ஏறாமல் செங்கல் மேல் வையுங்க. பித்தளையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அதில் வெட்டிய பெயர் அழிந்துவிடும். அந்தப் பெயர்தான் முக்கியம். யார் சீதனமாகக் கொண்டுவந்தது, எந்த ஊர், எதற்குப் புழங்கியது என்று மாமியாரிடம் இப்பவே கேட்டு, ஒரு சீட்டில் எழுதி நூலால் கட்டி வையுங்க.

எழுதத் தெரியாதவர்களுக்குக் குழுவின் கணக்கு எழுதும் பெண் எழுதித் தரட்டும். அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு சாமான் கொண்டு வாங்க.