வீட்டுத் தோட்டத்தில் கொய்யா



கொய்யாவின் பிறப்பிடம் வெப்ப அமெரிக்கா. ஐரோப்பியக் கடலோடிகள் வாயிலாகக் கீழை நாடுகளை அடைந்த இம்மரத்தின் கனியை மலாய்மொழியில் ‘ஜம்பு பத்து’ என்பர். பேரா மாநிலத்துப் பீடோர், இக்கனிக்குப் பெயர்பெற்ற ஊராகும். 100 கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் ‘வைட்டமின் சி’ உண்டு. இஃது ஆரஞ்சில் உள்ளதைப்போல் பன்மடங்காகும். கடையில் காசு கொடுத்து வாங்கும் மிட்டாயில் இச்சத்து ஏது?

நடும் முறை: விதையிலிருந்து முளைத்த கன்று தாய்மரத்தின் குணத்தைப் பெறும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே பதியன் போடுதலே நன்று. பென்சில் பருமனுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்திற்குப் பட்டையை வளையமாக நீக்கி, ஈரத் தேங்காய் நாரைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டுக. சில வாரங்களில் வேர் தோன்றும். வேர் நன்கு பரவியபின் கிளையை அறுத்து, சில காலம் நிழலில் வளர்த்து, வெயில்படும் இடத்தில் இரண்டடிக் குழி தோண்டி, மக்கிய எருவிட்டு நடுக. குழியில் நீர் தேங்கலாகாது.

கவாத்து: கொய்யா புதுத் தளிரிலேயே பூக்கும். எனவே அறுவடை முடிந்ததும் கிளை நுனிகளை வெட்டிவிட வேண்டும். மரமும் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும்.

புழு வருவது எதனால்? “இது புழு மரம்” என்று கூறி மரத்தையே வெட்டுவோர் உளர். குற்றம் மரத்தினுடையது அன்று. பழ ஈயானது முற்றும் காயைத் துளைத்து முட்டையிடுகிறது. அதிலிருந்து வெளிவரும் புழு சதையைத் தின்று வளர்ந்து, மண்ணுள் புகுந்து கூட்டுப்புழுவாகிறது. பின்னர் ஈயாகி மீண்டும் காயைத் தேடி வருகிறது. ஆதலின் காய் சிறிதாக இருக்கும்போதே பழைய நாளிதழால் உறை செய்து காம்போடு சேர்த்துக் கட்டுக. மழையில் கிழிந்த உறையை உடனே மாற்றுக. உதிர்ந்த பழங்களை அன்றாடம் பொறுக்கிப் பிளாஸ்டிக் பையிலிட்டு இறுகக் கட்டி, வெயிலில் போடுக. உள்ளிருக்கும் புழுக்கள் வெப்பத்தில் மடியும்.

இங்கு ஒன்றை மறத்தலாகாது. ஈ வேலியை மதிப்பதில்லை. ஒரு வீட்டார் மட்டும் பழம் பொறுக்கினால் பயன் குறைவே. வரிசை முழுவதும் சேர்ந்து செய்தால்தான் ஈயின் பெருக்கம் தணியும்.

மாணவர்களே! காலையில் பள்ளிக்குப் புறப்படுமுன் மரத்தடியைத் தூய்மை செய்வது உங்கள் பணியாகட்டும். அடுத்த வீட்டுப் பிள்ளையையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.