பேச்சுவார்த்தை மேசையும் கொழுந்து விலையும்

பகைமை கொண்ட இரு நாடுகள் எங்கோ ஓர் ஐரோப்பிய நகரில் பேச அமர்ந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். சப்ரகமுவவில் வாழும் நம்மால் அப்படி ஒதுங்கியிருக்க முடியாது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் பெருமளவு விளைவது தாழ்நிலத் தேயிலை. கடல் மட்டத்திலிருந்து 600 மீற்றருக்குக் குறைந்த உயரத்தில் வளரும் இத்தேயிலையின் கடுஞ்சாயத்தை விரும்பிக் குடிப்பவர்கள் ஈராக், ஈரான், துருக்கி முதலான நாடுகளின் மக்கள். 1883 முதல் நடைபெற்றுவரும் கொழும்புத் தேயிலை ஏலத்தில் அந்நாடுகளுக்காக வாங்குவோர் கைகட்டி நின்றால், தொழிற்சாலை நமக்குத் தரும் கொழுந்து விலையும் இறங்கிவிடும்.

எங்கள் வாப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை உண்டு. பசளையை இப்போது வாங்குவதா, பொறுப்பதா என்ற கேள்வி எங்கள் வீட்டில் அடிக்கடி எழும். அதற்குள் இன்னொரு கேள்வி மறைந்திருக்கிறது: ஈரானுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான பேச்சு வெற்றி பெறுமா? பொருளாதாரத் தடை இறுகினால் வங்கி வழியாகப் பணம் வருவது சிக்கலாகிறது. ஈரானுக்குத் தரவேண்டியிருந்த 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனை மாதந்தோறும் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையால் தீர்ப்பதென 2021 டிசம்பரில் இலங்கை உடன்பட்டது இதனால்தான். உயர்தரத்தில் பொருளியல் கற்கும் மாணவியாக, இத்தகைய பேச்சுகளின் முடிவை முன்கூட்டியே மதிப்பிட வழி உண்டா என்று தேடிப் படித்தேன்.

விலை சொல்லும் நிகழ்தகவு

1906இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கண்காட்சியில், ஒரு மாட்டை அறுத்தால் எவ்வளவு இறைச்சி தேறும் என்று ஊகிக்கும் போட்டி நடந்தது. அதில் கிடைத்த 787 சீட்டுகளைப் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற அறிஞர் ஆராய்ந்தார். ஊகங்களின் இடைநிலைப் பெறுமானம் 1207 இறாத்தல். உண்மை நிறை 1198 இறாத்தல். தனித்தனியே பிழைத்த பலரின் ஊகங்கள் ஒன்றுசேர்ந்தபோது உண்மையை நெருங்கிவிட்டன.

எதிர்வுகூறல் சந்தை இந்த எண்ணத்தின் மீது எழுந்தது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1988இல் ஆய்வுக்காக இத்தகைய சந்தையொன்றைத் தொடங்கியது. ஒரு நிகழ்வு நடந்தால் 1 டொலர், நடக்காவிட்டால் ஒன்றுமில்லை என்று எழுதிய ஒரு சீட்டை எண்ணிப் பாருங்கள். அது 35 சதத்துக்கு விலைபோனால், நிகழ்வு நடக்க ஏறத்தாழ 35 வீத வாய்ப்பு உண்டு என்பது சந்தையின் கணிப்பு. புதிய செய்தி வந்தால் விலையும் மாறும்.

பேச்சுவார்த்தையைக் கணிப்பது ஏன் கடினம்?

ஈரான் அணுசக்திப் பேச்சின் நாட்களை வரிசைப்படுத்தினால் விடை கிடைக்கும். 2013 நவம்பர் 24இல் ஜெனீவாவில் இடைக்கால உடன்பாடு ஏற்பட்டது. முழு உடன்பாட்டுக்கு 2014 ஜூலை 20 இறுதி நாளாயிற்று. அது நவம்பர் 24க்கும், பின்னர் 2015 ஜூன் 30க்கும் தள்ளிப்போனது. 2015 ஏப்ரல் 2இல் லொசான் நகரில் ஒரு சட்டகம் அறிவிக்கப்பட்டது. ஜூலை 14இல்தான் வியன்னாவில் உடன்பாடு முடிவாயிற்று.

"ஜூன் 30க்குள் உடன்பாடு வருமா?" என்ற கேள்விக்கு விடை இல்லை என்பதே. "ஜூலை 31க்குள்?" என்று கேட்டால் ஆம். லொசான் சட்டகத்தையும் உடன்பாடாகக் கொண்டால் முதற் கேள்விக்கும் ஆம் என்றாகிவிடும். ஆகவே எதை, எந்த நாளுக்குள் என்று வரையறுக்காத கேள்விக்குச் சொல்லும் வீதத்தில் பொருளில்லை. இது முதற் பாடம்.

இரண்டாவது, இறுதி நாட்கள் தள்ளிப்போவது பேச்சுவார்த்தைகளின் வழக்கம். தலைவர்களின் சிரித்த முகப் படத்தைவிட, முன்னைய பேச்சுகள் எப்படி முடிந்தன என்ற வரலாறே நல்ல வழிகாட்டி. மூன்றாவது, கையெழுத்தோடு கதை முடிவதில்லை. 2018 மே 8இல் அமெரிக்கா அந்த உடன்பாட்டிலிருந்து விலகியது.

இன்னொரு தடையும் உண்டு. மூடிய அறைக்குள் நடப்பதைச் சிலரே அறிவர். அறியாதவர் ஆயிரம் பேர் சேர்ந்தாலும் அறியாமை அறிவாகிவிடாது. அறிந்தவரோ தம் இரகசியத்தைக் காசாக்க முயலலாம். மத்திய கிழக்கு நிகழ்வுகளுக்கு இப்படியொரு சந்தை அமைக்க அமெரிக்கப் பாதுகாப்புத் துறை முயன்றபோது, மனித உயிர்களின் மீது பந்தயமா என்ற எதிர்ப்பு எழுந்து 2003 ஜூலையில் அது கைவிடப்பட்டது.

பணமில்லாமல் கணிப்போம்

அந்த எதிர்ப்பு நமக்குப் புதிதல்ல. சூரா அல்மாயிதாவின் 90ஆம் வசனம் சூதாட்டத்தை விலக்கியிருக்கிறது. ஆனால் நிகழ்தகவை மதிப்பிடுவதற்குப் பந்தயம் தேவையில்லை. மறைவானவற்றை அறிவதாகச் சொல்வதும் ஆகாது. மழைக்கு 70 வீத வாய்ப்பு என்று வானிலை அவதான நிலையம் சொல்வது போன்றதே இது.

கணிப்பை அளக்கும் அளவுகோலும் வானிலைத் துறை தந்ததே. 1950இல் கிளென் பிரையர் என்ற வானிலையாளர் அதை முன்வைத்தார். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. நமது கணிப்புக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கியுங்கள். 70 வீதம் என்று சொன்னது நடந்தால் 0.3இன் வர்க்கம், 0.09. நடக்காவிட்டால் 0.7இன் வர்க்கம், 0.49. எதற்கும் 50 வீதம் என்று சொல்லித் தப்புபவருக்கு எப்போதும் 0.25. புள்ளி குறையக் குறையக் கணிப்பு சிறந்தது.

பிலிப் டெட்லொக் என்ற பேராசிரியரின் குழு 2011 முதல் சில ஆண்டுகள் ஆயிரக்கணக்கான சாதாரண மக்களைக் கொண்டு உலக நிகழ்வுகளைக் கணிக்கச் செய்தது. சிறந்து விளங்கியவர்கள் உரத்துப் பேசியவர்களல்லர். புதிய செய்திக்கேற்ப தம் வீதத்தைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டவர்களே அவர்கள்.

70 வீதம் என்பதற்குள் 30 வீதம் ஒளிந்திருக்கிறது. இதை உணர்ந்தவர், விலை ஏறும் என்று நம்பினாலும் கடன்பட்டு எல்லாப் பசளையையும் ஒரே நாளில் வாங்கமாட்டார். பாதியை வாங்கி மீதியைப் பொறுத்துப் பார்ப்பார். தோட்டத்திலும் கடையிலும் வீட்டிலும் இந்தக் கணக்கு உதவும்.

தோழியரே, ஒரு கொப்பியை எடுங்கள். கேள்வி, இறுதி நாள், உங்கள் வீதம், காரணம் என நான்கு நிரல்கள் போதும். இந்தத் தவணையில் பத்துக் கேள்விகளை எழுதுங்கள். வாப்பா, உம்மாவிடமும் அவர்களது வீதத்தைக் கேட்டுப் பக்கத்தில் குறியுங்கள். தவணை முடிவில் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால், செய்தியை நாம் எவ்வளவு ஆழமாக வாசிக்கிறோம் என்பது வெளிச்சமாகிவிடும்.