நாலு வாரம் ஒரு மாதமா?

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் நான் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. 1994ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாணவன் ஒருவனின் தந்தை பழைய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். திருநெல்வேலிக்காரர். அண்ணாச்சி என்றுதான் அழைப்பேன். தாராவியில் ஒரு தோல் பட்டறையில் வாரக் கூலிக்கு வேலை. சேர்ந்த நாளிலிருந்து சனிக்கிழமைதோறும் நோட்டில் ஒரு கோடு போட்டிருந்தார். லீவு சொல்லி ஊருக்குப் போன வாரங்களையும் விடவில்லை. மொத்தம் 240 கோடுகள்.

“நாலு வாரம் ஒரு மாசம். வருசத்துக்கு நாப்பத்தெட்டு. அப்ப அஞ்சு வருசம் முடிஞ்சிட்டுல்லா தம்பி? கணக்கை முடிச்சிட்டு ஊரோட போயிரலாம்னு இருக்கேன்.”

அப்போது நடப்பிலிருந்த 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, 5 ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்து விலகுகிறவருக்கு ஆண்டுக்கு 15 நாள் கூலி கிடைக்கும். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்த பட்டறை என்பதால் அவருக்கும் அது பொருந்தும். ஆனால் அவர் வகுத்த எண் தவறு.

நாலு வாரம் என்பது 28 நாள். சரியாக 28 நாள் கொண்ட மாதம் பிப்ரவரி ஒன்றுதான். லீப் ஆண்டில் அதுவும் இல்லை. (நம் ஆடி மாதத்தையே பாருங்கள், 31 நாளுக்குக் குறைவதில்லை.) 48 வாரம் என்பது 336 நாள்தான். ஆண்டுக்கு 365 நாள், அதாவது 52 வாரமும் ஒரு நாளும். எனவே வாரத்தை முதலில் நாளாக்க வேண்டும். பிறகு 365.25ஆல் வகுக்க வேண்டும். அந்தக் கால், நாலு ஆண்டுக்கு ஒருமுறை வரும் லீப் நாளுக்காக.

240 × 7 = 1,680 நாள். 4 ஆண்டுக்கு 1,461 போக மீதி 219 நாள். ஆக, 4 ஆண்டும் 7 மாதமும் சொச்சமும்தான். 5 ஆண்டுக்கு 1,826 நாள் வேண்டும். 146 நாள் குறைகிறது.

“இன்னும் 21 வாரம் பொறுங்க அண்ணாச்சி” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. ஊருக்கு டிக்கெட்கூட எடுத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அதை ரத்து செய்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனார்.

மாதக் கணக்கிலும் இதே பிழை நேரும். அவருக்கு வாரம் 600 ரூபாய். நாலால் பெருக்கி, மாதம் 2,400 என்றே வீட்டில் சொல்லி வந்தார். 600ஐ 52ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 2,600. சட்டம் மாதத்துக்கு 26 வேலை நாள் என்று கொண்டது. அப்படி வகுத்தால் நாள் கூலி 100. வாரத்துக்கு 6 நாள் வேலை என்று பார்த்தாலும் அதே 100தான். 100 × 15 × 5 = 7,500 ரூபாய்.

அந்தப் பெருக்கலை நான் செய்யவில்லை. ஏழாம் வகுப்பு படித்த அவர் மகனிடம் கொடுத்தேன். அவன் விடை எழுதியதும் அண்ணாச்சி அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். 21 வாரம் கழித்துப் பணம் வாங்கப் போனபோதும் அதைக் கையோடு கொண்டுபோனார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று: 1,000 வாரம் எத்தனை ஆண்டு? 19 ஆண்டும் 60 நாளும் வந்தால் சரி.