போனில் ஸ்கிரிப்ட்டை அணைத்து வை, தங்கச்சி

உன் ஆண்ட்ராய்டு போனில் குரோமைத் திற. வலது மேல் மூலையில் மூன்று புள்ளி இருக்கும், அதைத் தொடு. செட்டிங்ஸ், அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் ஜாவாஸ்கிரிப்ட். அந்த ஸ்விட்ச் ஆனில் இருக்கும். ஆஃப் செய். அக்கா சொல்ல வந்ததில் முக்கால்வாசி இதுதான். ஏன் ஆஃப் செய்ய வேண்டும், எந்தெந்த இடத்துக்கு மட்டும் திறந்துவிட வேண்டும் என்பதுதான் மீதி.

ஒரு வெப்சைட்டைத் திறந்தால் எழுத்தும் படமும் மட்டும் வருவதில்லை. கூடவே சின்னச் சின்ன புரோகிராம்களும் இறங்கி, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உன் போனிலேயே ஓட ஆரம்பிக்கும். அதுதான் ஸ்கிரிப்ட். 1995-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் இருந்த பிரெண்டன் ஐக் பத்தே நாளில் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட், இன்றைக்கு உலகத்தில் ஏறக்குறைய எல்லா வெப்சைட்டிலும் இருக்கிறது. நல்ல கருவிதான். அது இல்லாமல் ரயில் டிக்கெட் போட முடியாது, மேப் பார்க்க முடியாது. சிக்கல் என்னவென்றால், நீ போன தளத்தின் ஸ்கிரிப்ட் மட்டும் ஓடுவதில்லை. விளம்பரக்காரன், நீ எங்கெங்கே போகிறாய் என்று கணக்கெடுப்பவன், நீ பேர்கூடக் கேள்விப்படாத பத்துக் கம்பெனிகள் என எல்லாருடைய ஸ்கிரிப்ட்டும் அதோடு சேர்ந்து உள்ளே வரும். ஹாஸ்டலுக்கு யார் வந்தாலும் கேட்டில் பேர் எழுதிக்கொண்டுதானே விடுகிறார்கள்? உன் போனுக்கும் அந்த நோட்டு வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனிகளில் வேலை செய்கிற பெண்களுக்கு இதை நான் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் குடியிருப்பில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். தனியார் ஹாஸ்டல்கள், சுங்குவார்சத்திரத்தில் நாலு பேர் சேர்ந்து எடுத்த வீடுகள் எல்லாம் இந்தக் கணக்கில் வராது. ஒரு ரூம் குரூப்பில் ஒரு லிங்க் விழுந்தால் அன்றைக்கு ராத்திரிக்குள் ஃப்ளோர் முழுக்கப் போய்விடும். அதிலும் வேலை லிங்க் என்றால் கேட்கவே வேண்டாம். கான்ட்ராக்ட் முடியப் போகிற பெண், தங்கைக்கு வேலை தேடுகிற பெண், யார்தான் தொடாமல் இருப்பார்கள்?

“ஒரகடத்தில் நேரடி வேலை, பிளஸ் டூ போதும், சாப்பாடு பஸ் ஃப்ரீ” என்று ஒரு பக்கம் வருகிறது என்று வை. ஸ்கிரிப்ட் ஓடினால், முதலில் நோட்டிஃபிகேஷனுக்கு ‘அலோ’ கொடு என்று ஒரு பெட்டி வரும். அதை மூடினால் கீழே இருந்து விளம்பரம் ஏறும். பிறகு “உங்கள் போனில் வைரஸ்” என்று போன் அதிரும், பக்கத்திலேயே ஒரு கவுன்ட்டவுன் ஓடும். பயந்து பேக் பட்டனை அழுத்தினால் வெளியே வராது, அதே பக்கத்துக்கே திரும்பும். ஸ்கிரிப்ட்டை அணைத்துவிட்டு அதே பக்கத்தைத் திறந்து பார். ஒரு தலைப்பு, நாலு வரி, ஒரு போன் நம்பர் இருக்கும். அல்லது வெறும் வெள்ளைப் பக்கம் வரும். மிரட்டல் எல்லாம் போன பிறகு அந்த நாலு வரியை நிதானமாகப் படித்தாலே, கம்பெனி முகவரி இல்லை, ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கேட்கிறான் என்பது கண்ணில் படும்.

ஏற்கெனவே எந்தத் தளத்துக்காவது ‘அலோ’ கொடுத்திருந்தால் அதைத் தனியாக நீக்க வேண்டும். அதே சைட் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் போய், தெரியாத பேரை எல்லாம் பிளாக் செய்.

டேட்டா மிச்சமாவது அடுத்த லாபம். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக் போட்டு, ராத்திரி வீட்டுக்கு வீடியோ கால் பேசியதும் அது தீர்ந்துவிட்டால், நெட் 64 கேபிபிஎஸ் வேகத்துக்கு இறங்கும். ஒரு செகண்டுக்கு 8 கேபிதான் வரும். இன்றைக்குச் சாதாரணச் செய்திப் பக்கமே 2 எம்பியைத் தாண்டுகிறது. அந்த வேகத்தில் அது இறங்க நாலு நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஸ்கிரிப்ட்டும், அது இழுத்து வருகிற விளம்பரமும் இல்லாமல் எழுத்து மட்டும் என்றால் 100 கேபி போதும், பன்னிரண்டு பதின்மூன்று செகண்டில் படிக்க ஆரம்பிக்கலாம். தமிழ் விக்கிப்பீடியா ஸ்கிரிப்ட் இல்லாமலே முழுசாகத் திறக்கும். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய தமிழ் நூல்களும் அப்படித்தான். கம்பெனி பஸ்ஸில் படித்துக்கொண்டு வரலாம்.

“நான் கண்ட தளத்துக்கெல்லாம் போக மாட்டேன் அக்கா” என்பாய். நல்ல தளத்துக்குள்ளும் கெட்ட ஸ்கிரிப்ட் புகுந்திருக்கிறது. திருப்பதி மாநகராட்சி உட்பட ஆந்திர அரசின் சில வெப்சைட்களில், வருகிறவர்களின் கம்ப்யூட்டரையும் போனையும் வைத்து கிரிப்டோ காசு தோண்டும் காயின்ஹைவ் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்ததை 2018 செப்டம்பரில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதே வருஷம் பிப்ரவரியில் இங்கிலாந்து அரசுத் தளங்கள் உட்பட நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இதே கதை நடந்தது. போன் காரணமில்லாமல் சுடுகிறது, பேட்டரி இறங்குகிறது என்றால் இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம். 2024-ல் பாலிஃபில் என்ற ஸ்கிரிப்ட் கை மாறி, அதைப் பயன்படுத்திய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் வழியாக, போனில் வந்தவர்களைச் சூதாட்டத் தளங்களுக்குத் தள்ளிவிட்டது. அந்தத் தளங்களின் சொந்தக்காரர்களுக்கே விஷயம் தெரியாது.

இனி, திறந்துவிட வேண்டிய இடங்கள். பிஎஃப் தளம், உன் பேங்க், ஐஆர்சிடிசி, டிஜிலாக்கர், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறாய் என்றால் அந்தத் தளம். ஸ்கிரிப்ட் இல்லாவிட்டால் இவை ஓடாது, கேப்சாவே வராது. அதே ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் ‘ஆட் சைட் எக்ஸெப்ஷன்’ இருக்கும். அதில் முகவரியை நீயே டைப் செய்து சேர். வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கை காப்பி பண்ணிப் போடாதே. அரசுத் தளம் என்றால், முதல் சாய்கோட்டுக்கு முன்னால் தளத்தின் பேர் ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார். நடுவில் அந்த எழுத்துகள் இருந்தால் போதாது, முடிவில் இருக்க வேண்டும். வேலை தேடுகிறவர்களுக்குத் தமிழக அரசே தனியார் துறை வேலைவாய்ப்புத் தளம் நடத்துகிறது. அதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள். பிஎஃப் பேலன்ஸ் மட்டும் பார்க்க வேண்டும் என்றால் வெப்சைட்டே வேண்டாம். யுஏஎன்னில் பதிந்த நம்பரில் இருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடு, கேஒய்சி சரியாக இருந்தால் எஸ்எம்எஸ்ஸில் வந்துவிடும்.

கூகுள் தேடலும் 2025 ஜனவரியில் இருந்து ஸ்கிரிப்ட் கேட்கிறது. அதை எக்ஸெப்ஷனில் சேர்க்கலாம், அல்லது தேடு இயந்திரத்தை டக்டக்கோ என்று மாற்றலாம். டக்டக்கோ ஸ்கிரிப்ட் இல்லாமல் வேலை செய்யும். ஆனால் தமிழில் தேடினால் கூகுள் அளவுக்குக் கிடைக்காது, அதனால் இரண்டையும் கையில் வைத்துக்கொள்.

இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ப்பது அலுப்பாக இருந்தால் இன்னொரு வழி உண்டு, எனக்குப் பிடித்ததும் அதுதான். போனில் இரண்டு பிரவுசர் வை. பணம், பிஎஃப், டிக்கெட் எல்லாம் குரோமில், ஸ்கிரிப்ட் ஆனில். மற்ற ஊர் சுற்றல் எல்லாம் ஃபயர்ஃபாக்ஸில். அதில் எக்ஸ்டென்ஷன்ஸ் போய் யூபிளாக் ஆரிஜின் சேர்த்து, அதன் செட்டிங்ஸில் ‘டிஸேபிள் ஜாவாஸ்கிரிப்ட்’ என்பதை டிக் செய். பிறகு போன் செட்டிங்ஸில் டீஃபால்ட் பிரவுசராக ஃபயர்ஃபாக்ஸையே வை. வாட்ஸ்அப் லிங்க் எதைத் தொட்டாலும் ஸ்கிரிப்ட் இல்லாத இடத்தில்தான் திறக்கும், பேங்க் இருக்கிற பக்கம் போகாது. உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஆசையிருந்தால், யூபிளாக்குக்குப் பதிலாக நோஸ்கிரிப்ட் போட்டுப் பார். 2005-ல் இத்தாலிக்காரர் ஜார்ஜியோ மாவோனே செய்தது. ஒரே பக்கத்துக்குள் எந்தெந்த இடத்து ஸ்கிரிப்ட் நுழையப் பார்க்கிறது என்று பேர் பேராகக் காட்டும். ஒரு தடவை அதைப் பார்த்தவர்கள் பிறகு ஸ்கிரிப்ட்டைச் சும்மா திறந்துவிட மாட்டார்கள்.

இன்ஸ்டாவிலும் ஃபேஸ்புக்கிலும் தொடும் லிங்க் அந்த ஆப்புக்குள்ளேயே திறக்கும். அங்கே நீ செய்த செட்டிங் எதுவும் செல்லாது. மேலே இருக்கிற மூன்று புள்ளியைத் தொட்டு, வெளி பிரவுசரில் திறக்கச் சொல்.

சில பக்கங்கள் “ஜாவாஸ்கிரிப்ட்டை ஆன் செய்யுங்கள்” என்று கேட்கும். கேட்டதுமே ஆன் செய்யாதே. இது எனக்குத் தெரிந்த தளமா, இங்கே எனக்கு வேலை இருக்கிறதா என்று யோசி. வெறும் சினிமா செய்தி என்றால் மூடிவிட்டு வேறு இடத்தில் படி, அதே செய்தி பத்து இடத்தில் இருக்கும்.

இதை மட்டும் செய்துவிட்டு எல்லாம் பத்திரம் என்று இருந்துவிடாதே. போலித் தளம் ஒன்றில் பேர், ஆதார் நம்பர், ஓடிபி என்று கட்டம் போட்டு வாங்க ஸ்கிரிப்ட் தேவையே இல்லை. ஸ்கிரிப்ட் ஆஃபில் இருந்தாலும் அந்த ஃபாரம் வேலை செய்யும். லிங்க்கில் இருந்து ஏபிகே (ஆப் ஃபைல்) இறக்கி இன்ஸ்டால் செய்தால் பிரவுசர் செட்டிங் எதுவும் காப்பாற்றாது. நீ நம்பித் திறந்துவிட்ட தளத்திலும் ஆபத்து வரலாம். 2018-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் வெறும் 22 வரி ஸ்கிரிப்ட் புகுந்து லட்சக்கணக்கானவர்களின் கார்டு விவரங்களை எடுத்துக்கொண்டு போனது. அதனால் கார்டு நம்பரைத் தேவையில்லாமல் எந்தத் தளத்திலும் டைப் செய்யாதே. வேலைக்கு முன்பணம் என்று யார் கேட்டாலும் கொடுக்காதே.

ரூமில் நாலு பேர் இருந்தால் நாலு போனிலும் இன்றைக்கே இதை மாற்றிக் கொடு. புதுசாக வந்த பெண்ணின் போனை முதலில் எடு. எப்படியோ பணம் போய்விட்டது என்றால், அழுதுகொண்டும் வீட்டுக்குச் சொல்லப் பயந்தும் நேரத்தைப் போக்காமல் உடனே 1930-க்குப் போன் செய். அது சைபர் குற்றங்களுக்கான அரசு உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறாயோ, அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.